இறால் ஆணமும் நூடில்ஸும்

மனைவி குவைத்துக்குப் போன நான்காம் நாள் மாலையில் நான் முதன்முதலாக நூடில்ஸ் அவித்தேன். அதற்கு முந்திய மூன்று நாளும் பக்கத்து வளவிலிருந்து ராத்தா, என் மூத்த சகோதரி, சோறும் கறியும் கொடுத்தனுப்பியிருந்தார். மகள் அதில் பாதியைக்கூடச் சாப்பிடவில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பீங்கான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரம் போனதும், "போதும் வாப்பா" என்று எழும்பிவிடுவாள். நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம், "என்னம்மா சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நூடில்ஸ்" என்றாள்.

ஒரு பைக்கட் நூடில்ஸ் அவிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு முன்வளவில் தகரம் போட்ட ஒரு கொட்டில்தான் என் வேலையிடம். உப்புத் தண்ணீர் குடித்து இறுகிப்போன எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒரு ஆணி மிஞ்சாமல் திரும்பப் பூட்டத் தெரிந்தவனுக்கு நூடில்ஸ் எம்மாத்திரம்? தண்ணீர் கொதித்தது. நூடில்ஸைப் போட்டேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்க் கதைத்துவிட்டு வந்து பார்த்தால், சட்டியில் நூடில்ஸ் இல்லை, களிதான் இருந்தது. அதைப் பீங்கானில் இட்டு, ராத்தா கொடுத்த மீன் ஆணத்தை மேலே ஊற்றினேன். ஆணம் என்றுதான் நாங்கள் குழம்பைச் சொல்வது.

மகள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். பிறகு மிகவும் மரியாதையாக, என் மனம் நோகக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னாள்:

"வாப்பா, மண்ணெண்ணெய் மணக்குது."

எங்கள் பக்கத்துப் படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. என் கையில் அந்த வாசனை இருப்பது எனக்கே தெரியாமல் போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"உம்மா செய்றது மாதிரி இல்லையா?" என்று கேட்டேன்.

"உம்மா இப்பிடி ஊத்த மாட்டாங்க" என்றாள்.

எப்படி ஊற்றுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். எத்தனை வருடம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன்! ஆனால் அவள் ஊற்றும்போது ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் மனைவியின் நூடில்ஸ் கடைகளில் முட்டையும் லீக்ஸும் போட்டுப் பிரட்டித் தரும் நூடில்ஸ் இல்லை. மகளுக்கு நான்கு வயதில் காய்ச்சல் வந்து சோறு இறங்காமல் கிடந்த ஒரு வாரத்தில் மனைவி தானாகக் கண்டுபிடித்தது. களப்பிலிருந்து வரும் சின்ன இறாலில் அதற்கொரு ஆணம் வைத்தாள். காய்ச்சல் விட்ட பிறகும் அது வீட்டில் தங்கிவிட்டது. கச்சான் காற்று அடித்து, கடல் கொந்தளித்து, படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கிற மாதங்களில் என் கொட்டில் எஞ்சின்களால் நிறைந்துவிடும். அந்த நாட்களில் மாலையில் குசினியிலிருந்து தேங்காய்ப் பாலும் ரம்பை இலையும் சேர்ந்து கொதிக்கிற மணம் வந்தால், நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அவள் போனது வீட்டுக்காகத்தான். சுவர் எழுப்பி, பாதிக் கூரையோடு நின்ற வீடு. மகள் பெரியவளாகும்போது கதவு சாத்திக்கொள்ள அவளுக்கென்று ஒரு அறையாவது வேண்டும் என்பது மனைவியின் பிடிவாதம். நான் போகிறேன் என்று சொன்னேன். "நீங்க போனா இந்த எஞ்சினையெல்லாம் நானா கழட்டுற?" என்று சிரித்தாள். ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் வேலை என்றார்கள். இரண்டு வருடம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று பின்னால் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த வீட்டார் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அந்த இடைவெளியில் கதைப்பாள். எங்களுக்கு அது பின்னேர அஸர் தொழுகை நேரம். முதல் வெள்ளிக்கிழமை நான் களி கிண்டிய கதையை மகள் சொல்லிவிட்டாள். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நான் வொய்ஸ் அனுப்புறன்" என்றாள் என்னிடம். "ஒவ்வொண்டா அனுப்புறன். கேட்டுக் கேட்டுச் செய்ங்க. முதல்ல கையக் கழுவுங்க. சவுக்காரம் காணாது. தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேயுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை போனைக் குசினி ஜன்னலில் சாத்தி வைத்துவிட்டு நின்றேன். சிறு சிறு குரல் துண்டுகளாகப் பதினான்கு வந்திருந்தன. ஒன்றைக் கேட்பேன், செய்வேன், அடுத்ததை அழுத்துவேன்.

"இறால்ட தலைய வீசிடாதீங்க. அதுலதான் ருசி. கொஞ்சம் எண்ணெயில வதக்கி, உரல்ல இடிச்சு, தண்ணி ஊத்தி வடிச்சு எடுங்க."

"சின்ன வெங்காயம், உள்ளி, கறிவேப்பில, ரம்ப. வெங்காயம் பொன்னிறமா வரட்டும். அவசரப்பட்டு நெருப்பக் கூட்டாதீங்க. உங்களத் தெரியும் எனக்கு."

"இப்ப தக்காளி. தக்காளி கரஞ்ச பொறகுதான் தூள். தூள் கருகினா எல்லாம் முடிஞ்சு."

"தலச்சாறும் ரெண்டாம் பாலும் ஊத்தி நல்லாக் கொதிக்க விடுங்க. இறாலக் கடைசியிலதான் போடணும். சுருண்டு வந்தா சரி. கட்டிப்பால் ஊத்தின பொறகு கொதிக்க உடக் கூடா."

ஒன்பதாவது துண்டில் அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "இந்தா வாறன்" என்று அவள் அங்கே திரும்பிச் சொன்னாள், தமிழில். அத்தோடு அந்தத் துண்டு முடிந்துவிட்டது. அடுத்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கே விட்டாளோ அங்கிருந்தே தொடர்ந்தாள்.

கடைசித் துண்டு ஊற்றுவதைப் பற்றியது. "நூடில்ஸ வடிச்சு பீங்கான்ல வச்சு, நடுவுல கரண்டியால ஒரு குழி செய்ங்க. ஆணத்த அந்தக் குழிக்குள்ள ஊத்துங்க. மேலால ஊத்தாதீங்க. அடியில போய் அதுவா ஊறி வரட்டும். அவவுக்கு முதல்ல வெள்ளையாச் சாப்பிட்டுப் பொறகுதான் ஆணத்துக்கு வரணும். அப்பிடித்தான் பழக்கம்."

என் பிள்ளைக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதை நான் குவைத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

முதல் ஆணம் திரிந்துபோனது. இரண்டாவது வெள்ளிக்கிழமை உறைப்பு கூடிவிட்டது. மூன்றாவது தரம் தேசிக்காயைச் சட்டி அடுப்பில் இருக்கும்போதே பிழிந்து கசக்க வைத்தேன். ராத்தா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "தம்பி, நான் வந்து செஞ்சு தரட்டா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். அது வீம்பில்லை. அந்தக் குரல் துண்டுகளைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிற ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டியிருந்தது. வாரம் முழுக்க எஞ்சின் சத்தத்துக்குள் இருந்துவிட்டு, அந்த ஒரு மணித்தியாலம் அவள் என்னை அதட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருக்கும். பாடமான பிறகும் போட்டுக் கேட்டேன்.

நான்கு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மகள் பீங்கானை வழித்துத் தின்றுவிட்டு, "வாப்பா, உம்மாட மாதிரியே இருக்கு. இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி அழைத்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

"ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டா. உம்மாட மாதிரியே இருக்கெண்டு சொன்னா."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது. அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "அப்ப இனி நான் வந்து என்ன செய்ற?" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் உடனேயே சலாம் சொல்லி முடித்துவிட்டாள். மகிழ்ச்சியான செய்தி என்று நான் கொண்டுபோய்க் கொடுத்தது அவள் கையில் என்னவாக விழுந்தது என்று போனை வைத்த பிறகுதான் விளங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை, "உப்புக் கூடிப்போச்சு, உன்ட கைருசி வராது எனக்கு" என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் அந்தப் பொய் அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடம் நான்கு வருடமானது. இரண்டாம் வருட முடிவில் கூரை முடிந்திருந்தது, அறைக்குக் கதவு நிலை வைக்கவில்லை, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்றாள். நானும்தான் சரியென்று சொன்னேன், அவளை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது.

மூன்றாம் வருடம் ஒரு முறை மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் அனுப்பியவை போய்ச் சேர்ந்ததற்கான அடையாளமும் இல்லை. அனுப்பி வைத்த முகவர் "பொறுங்க, பாப்போம்" என்றார். கடற்கரையில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள், எல்லாம் கேட்கக் கூடாத கதைகள். மகளிடம், உம்மாவின் போன் உடைந்துவிட்டது என்றேன். அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் நான் இறால் வாங்கினேன், ஆணம் வைத்தேன், குழி செய்து ஊற்றினேன். செய்யாமல் விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். மகள் ஒரு சொல்லும் கேளாமல் சாப்பிட்டாள். அவளும் அதே பயத்தில்தான் சாப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

நான்காம் வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. அந்த வீட்டுச் சின்னக் குழந்தைக்கு நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். தாய் கைக்குப் போகாமல் இவள் கையிலேயே கிடந்ததாம். இவளும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அவசரத்தில் போன் வீட்டில் கிடந்துவிட்டது.

"யாரிட்டயாவது வாங்கி ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே?" என்றேன். நான் கோபமாகத்தான் கேட்டேன்.

"நம்பர் எனக்குப் பாடமில்ல" என்றாள். "அந்தப் புள்ள என்ட நெஞ்ச விட்டு எறங்கல்ல. மூச்சு எடுக்குதா எடுக்குதா எண்டு பாத்துட்டே இருந்தன். வேற ஒண்டும் நினைவு இல்ல."

வேறு ஒன்றும் நினைவில்லை என்ற சொல் எனக்குள் எங்கோ போய்க் குத்தியது. அது நியாயமில்லாத நோவு என்று தெரியும். ஒரு குழந்தை பிழைத்திருக்கிறது. ஆனாலும் குத்தியது.

அவள் திரும்பி வந்தது மாசி மாதம். சிலாபம் தாண்டி, பாலாவிச் சந்தியில் திரும்பி, வேன் குடாநாட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பீட்ரூட் தோட்டங்களில் தெளிப்புக் குழாய்களின் தண்ணீர் சுழன்று அடித்துக்கொண்டிருந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது, தாயின் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தாள். இருவரும் பின் ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில், கை பிடித்துக்கொண்டு, என்ன கதைப்பதென்று தெரியாமல் இருந்தார்கள்.

அன்று மாலை நான் சமைத்தேன். நான்கு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த சமையல். பெரிய இறாலாகத் தேடி வாங்கியிருந்தேன். அவளைக் கதிரையில் உட்கார வைத்து, பீங்கானை முன்னால் வைத்து, குழியில் ஆணத்தை ஊற்றினேன். மகளும் நானும் அவள் வாயையே பார்த்தோம். ஒரு கரண்டி. இருமினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீர்க் கோப்பையைத் தேடினாள்.

"உறைப்பா?" என்றேன்.

"நான் சொன்ன கணக்குத்தானே போட்டீங்க?"

"ஓம். நீ சொன்ன கணக்கேதான்."

"எனக்கு ஏலாமப் போச்சு" என்றாள் வெட்கத்தோடு. "நாலு வருசமா மிளகாயே தின்னல்ல." இருந்தும் முழுவதையும் சாப்பிட்டாள், மூக்கைத் துடைத்துத் துடைத்து. நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்த நாள் நல்லபடியாகவே போனது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கடினமாக இருந்தன. பின்னேரம் நான்கு மணியானால் அவள் கை எதையோ தேடும். உட்கார்ந்தவள் எழும்புவாள், குசினிக்குப் போவாள், வெறுங்கையோடு திரும்பி வருவாள். ரோட்டில் ஒரு குழந்தை அழுதால் வாசல்வரை போய்விடுவாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பிரயாணக் களைப்பு என்று ராத்தா சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

வந்த இரண்டாவது வாரம், "இண்டைக்கு நான் செய்றன், தள்ளுங்க" என்று அவளே குசினிக்குள் போனாள். ஆணத்தின் மணம் கொட்டிலுக்கு வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! கையில் இருந்ததை வைத்துவிட்டு எழும்பினேன். ஆனால் பீங்கானில் வந்த நூடில்ஸ் வேறு மாதிரி இருந்தது. எல்லாம் விரல் மூட்டு அளவுத் துண்டுகள். அவிக்க முன்னே உடைத்திருந்தாள். ஆணமும் நூடில்ஸும் ஒன்றாகக் கலந்து, கரண்டியால் மசித்த மாதிரி இருந்தது.

மகள் பீங்கானைப் பார்த்தாள்.

"ஏன் உம்மா உடைச்சீங்க?"

மனைவி தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"தெரியாம... கை பழகிப் போச்சு மகள். அங்க அந்தப் புள்ளைக்கு நீட்டமாக் குடுத்தா விக்கும். அதால."

"நான் அந்தப் புள்ள இல்ல."

"தெரியும் மகள்."

"எனக்கு எப்பிடிப் புடிக்குமெண்டு உங்களுக்கு மறந்து போச்சு" என்றாள் மகள். சத்தம் போடவில்லை. "எனக்கு வாப்பாதான் ஊத்தித் தந்தாரு." கரண்டியைப் பீங்கானின் ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறைக்காகவும் அந்தக் கதவுக்காகவும்தான் எல்லாம் நடந்தது.

மனைவி கிணற்றடிக்குப் போய் நின்றாள். நான் யாரிடம் போவது என்று தெரியாமல் குசினி நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கிணற்றடிக்குப் போனேன். அங்கேதான் அவள் முதன்முதலாக முழுவதையும் சொன்னாள். போகும்போது அந்தக் குழந்தை பிறந்து நாற்பது நாள். தாய்க்குப் பிள்ளை பெற்ற பிறகு மனது சரியில்லாமல் போய்விட்டது, கெட்டவள் இல்லை, தூக்கத்தான் முடியவில்லை. குழந்தைக்கு இவள் பால் கரைத்தாள், நடக்கப் பழக்கினாள். அது முதன்முதல் கேட்டுப் பழகிய சொற்களில் பாதி தமிழ். இவள் ஊருக்கு வெளிக்கிட்ட அன்று அது உறங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டார்கள்.

"நாலு மணிக்குத்தான் அதுக்குச் சாப்பாடு தீத்துற" என்றாள். "இப்ப யாரு தீத்துறாவோ. உடைச்சுத்தான் குடுக்குறாவோ தெரியாது. நீட்டமாக் குடுத்தா விக்கும்." பிறகு, "நம்மட புள்ளைய உட்டுட்டுப் போய் நாலு வருசம் அழுதன். இப்ப அத நினைச்சு அழுறன். நான் என்ன மாதிரிப் பொம்புளையெண்டு எனக்கே தெரியல்ல" என்றாள்.

நான்கு வருடம் அவளுக்காக ஏங்கியிருக்கிறேன். அவள் வந்துவிட்டாள். ஆனால் வந்தவளுக்குள் இன்னொரு ஏக்கம் குடியிருக்கிறது, அதில் எனக்கு இடமில்லை. பொறாமை என்றே சொல்லலாம், முகம் தெரியாத ஒரு பச்சைப் பிள்ளைமீது.

அடுத்த நாள் நான் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"அந்தப் புள்ளைக்குச் செய்றத எனக்குச் செஞ்சு காட்டு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"தின்னத்தான்."

முதலில் மறுத்தாள். பிறகு செய்தாள். பட்டரில் கொஞ்சம் மா வறுத்து, பால் ஊற்றிக் கிண்டி, அவித்து மசித்த தக்காளியும் கோழிச் சாறும் சேர்த்து ஒரு வெளிறிய ஆணம். நூடில்ஸை உடைத்துப் போட்டு அதிலேயே வேக விட்டாள். செய்யும்போது அவள் கை என்ன லாவகம்! எந்த இடத்திலும் யோசிக்கவில்லை. கிண்டிக்கொண்டே அந்தக் குழந்தையின் கதையைச் சொன்னாள், அது கரண்டியைப் பிடுங்கித் தலையில் தேய்த்துக்கொண்டதை, இவள் முக்காட்டுக்குள் ஒளிந்துகொள்வதை. நான் பீங்கானை நீட்டினேன். சாப்பிட்டேன்.

"எப்பிடி?" என்றாள்.

"உள்ளதச் சொல்லட்டா? வெந்நியில பட்டர் போட்ட மாதிரி இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாள். வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகியது. மகள் வரவில்லை. ஆனால் அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து, அந்த வீட்டு அம்மா தானாகவே வீடியோவில் அழைத்தார். இப்போது அவருக்குச் சுகம் என்று மனைவி சொன்னாள். திரையில் ஒரு ஆண் குழந்தை, சுருள் முடி. மனைவி அரபியில் கதைக்கத் தொடங்கினாள். நான் அவளிடம் அதுவரை கேட்டிராத ஒரு குரல் அது, ஏறி இறங்கி, கொஞ்சி, பாட்டுப் போல. இடையில் "இஞ்ச பாரு, என்ட தங்கம், இஞ்ச பாரு" என்று தமிழ் வந்தது. குழந்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தாய் அதன் முகத்தைத் திருப்பப் பார்த்தார். அது கையால் போனைத் தள்ளியது.

"வெக்கப்படுது" என்றாள் மனைவி எங்கள் பக்கம் திரும்பி. சலாம் சொல்லி முடித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "தாய்ட மடிக்குப் போகுது. அதுதான் வேணும். அதுதான் நல்லம்" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் என்னைத் தாண்டிக் குசினிக்குள் போனாள்.

"அதுக்கு இப்ப என்ன வயசு உம்மா?"

"நாலு முடிஞ்சு."

"நீங்க எனக்கு முதல்ல நூடில்ஸ் செஞ்சு தந்தது எத்தின வயசுல?"

"நாலு வயசுலதான். காய்ச்சலுக்கு."

மகள் தண்ணீர்க் குழாயை மூடினாள். "எனக்கு அதுக்கு முந்தி ஒண்டும் நினைவு இல்ல" என்றாள். பிறகு, "அதுக்கும் இருக்காதா?" என்று கேட்டாள்.

"இருக்காது" என்றாள் மனைவி.

"அப்ப எனக்குச் சொல்லுங்க. நான் நினைவு வச்சிருக்கிறன்."

மனைவி அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். தாயைவிட உயரமான பிள்ளை, குனிந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. நான் கொட்டிலுக்குப் போய்விட்டேன். அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. சும்மா ஒரு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் வாசலில் வந்து, "வாப்பா, அந்த வெள்ளை நூடில்ஸ்தான் இண்டைக்கு. நான் உறைப்புத் தூள் போட்டுட்டன். சாப்பிட வாங்க" என்றாள்.

அன்று தின்றது குவைத்துமில்லை, குறிஞ்சிப்பிட்டியுமில்லை. பட்டரும் பாலும் மிளகாய்த்தூளும் சேர்ந்த ஒரு சிவந்த ஆணம். ருசி என்று சொல்ல முடியாது. மூன்று பேரும் சட்டியைக் காலி பண்ணினோம்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மகளின் அந்த நான்கு வருடம் மனைவிக்கு இல்லை, இனியும் கிடைக்காது. "இது எப்ப நடந்தது?" என்று அடிக்கடி கேட்பாள். பிள்ளையின் பல் விழுந்தது, சைக்கிள் பழகியது, பள்ளிக்கூடப் போட்டியில் பரிசு எடுத்தது. நான் சொல்வேன். பாதி எனக்கே மறந்துவிட்டது, அவளுக்காகக் கொஞ்சம் சேர்த்துச் சொல்வதும் உண்டு. எனக்கும் ஒரு கிறுக்கு இருக்கிறது. அந்தப் பதினான்கு குரல் துண்டுகளும் இன்னும் என் போனில் இருக்கின்றன. மனைவி இருபது அடி தள்ளிக் குசினியில் நிற்கும்போதே, கொட்டிலில் இருந்து அதைப் போட்டுக் கேட்கிறேன். அவள் இல்லாத காலத்து அவளுக்காக இப்போதும் ஏங்குகிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விளங்கிக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன்.

மகள் இப்போது உயர்தரம் படிக்கப் புத்தளத்தில் விடுதியில் இருக்கிறாள். கிழமை முடிவில் வருவாள். வருவதற்கு முதல் நாளே மனைவி இறாலுக்குச் சொல்லி வைத்துவிடுவாள். ஆணத்தை அவள் வைப்பாள். தேங்காய் துருவுவதும் தலை இடிப்பதும் என் வேலை. தலவில தேவாலயத் திருவிழாக் காலங்களில் ரோட்டில் சனம் நிறைந்து, பஸ் நகர மாட்டாது. போன கிழமையும் அப்படித்தான். ஆணம் இறங்கிவிட்டது, அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை வந்து கால் கழுவிய பிறகுதான் நூடில்ஸைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிப்போகும். நான் மூன்று தரம் நெருப்பைக் குறைத்துக் குறைத்து வைத்தேன். மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேற்றடியில் நின்றாள்.

"பஸ் எங்க வருதாம்?" என்று உள்ளேயிருந்து கேட்டேன்.

"போன் எடுக்கிறா இல்ல. வந்துருவா" என்றாள். "தண்ணி வத்திட்டா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."